வீட்டுக்காரர் இல்லாத வீடு 'ஹோம் ஸ்டே' ஆகுமா? ஊட்டி காட்டேஜ்களுக்கு சீல் விழுவது ஏன்?

ஊட்டி:

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி பையை தோளில் மாட்டுவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். "ரூம் வேணுமா சார், காட்டேஜ் வேணுமா சார், கிச்சனோட இருக்கு சார்". இப்போது அந்த நாலு பேரின் வேலையை பாதி செல்போன் பார்த்துக்கொள்கிறது. போட்டோவைப் பார்த்து, பணத்தை அனுப்பி, மேப் காட்டுகிற வழியில் போனால் ஏதோ ஒரு தெருவுக்குள் ஒரு குடியிருப்பு வீடு. பூட்டுக்கு சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

இன்னொரு பக்கம், 'அனுமதி இல்லாத காட்டேஜுக்கு சீல்', 'விதிமீறிய விடுதிக்கு நோட்டீஸ்' என்று நீலகிரி, கொடைக்கானலில் இருந்து அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது நியாயம்தான். சொந்த வீடு, சொந்தக்காரர் வாடகைக்கு விடுகிறார். இதில் நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் கலெக்டருக்கும் என்ன வேலை?

வேலை இருக்கிறது. மாத வாடகைக்கு ஒரு குடும்பத்தை வைப்பது குடியிருப்பு. நாள் வாடகைக்கு ஊர் பேர் தெரியாத ஆட்களை மாற்றி மாற்றி தங்க வைப்பது தொழில். வாசலில் 'லாட்ஜ்' என்று போர்டு மாட்டாவிட்டாலும் நடப்பது லாட்ஜ் வேலைதான். அதற்கு தனி அனுமதி, தனி வரி, தனி மின் கட்டணம்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் 1867-லேயே 'சராய் சட்டம்' என்று ஒன்று போட்டார்கள். சராய் என்றால் வழிப்போக்கர் தங்கும் சத்திரம். சத்திரம் நடத்துகிறவர் மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்யவேண்டும், கட்டண பட்டியலை தொங்கவிட வேண்டும், தங்கியவருக்கு தொற்றுநோய் என்றால் போலீசுக்கு சொல்லவேண்டும், காவலாள் போடவேண்டும். திருடன் ஏறி உள்ளே குதிக்க வசதியாக மரக்கிளை நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் வெட்டவேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். முகம் தெரியாத ஆள் ராத்திரி தங்குகிற இடத்துக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இன்றைக்கும் கேள்வி அதேதான்.

வீட்டுக்காரர் எங்கே?

'ஹோம் ஸ்டே' என்ற வார்த்தை இப்போது படாதபாடு படுகிறது. 30 அறை வைத்திருப்பவரும் ஹோம் ஸ்டே என்கிறார். காட்டுக்குள் தகர ஷெட்டு போட்டவரும் ஹோம் ஸ்டே என்கிறார்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'பெட் அண்ட் பிரேக்பாஸ்ட், ஹோம் ஸ்டே' திட்டத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது. வாடகைக்கு விடும் அறை குறைந்தது 1, அதிகபட்சம் 6. படுக்கை 12-க்கு மேல் கூடாது. கோல்டு, சில்வர் என்று இரண்டு தரம். முக்கியமான நிபந்தனை, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். நாம் இருக்கும் வீட்டில் ரெண்டு ரூமை விருந்தாளிக்கு ஒதுக்கிக் கொடுப்பதுதான் ஹோம் ஸ்டே. கோவையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்துகொண்டு ஊட்டியில் மூணு வீடு வாங்கி, சாவியை ஒரு பையன் கையில் கொடுத்து, ஆப் வழியாக ஆள் அனுப்பினால் அது ஹோம் ஸ்டே இல்லை. விடுதி.

இந்த ஒரு வித்தியாசத்தை பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் புரிந்துவிடும்.

வீட்டுக்காரர் பக்கத்து ரூமில் இருந்தால் ராத்திரி 2 மணிக்கு ஸ்பீக்கர் போட்டு ஆட மாட்டார்கள். ஆடினாலும் தெருக்காரர்கள் யாரிடம் போய் சத்தம் போடுவது என்று தெரியும். கேஸ் கசிந்தால், ஒருத்தருக்கு நெஞ்சு வலி வந்தால் கூப்பிட ஆள் இருக்கும். மலை ஊர்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு செய்தியை வாசகர்கள் கவனித்திருக்கலாம். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு, இல்லாவிட்டால் வெளியே பார்பிக்யூ போட்டுவிட்டு நெருப்பு அணையாத அடுப்பை உள்ளே எடுத்துவந்து, கதவு ஜன்னலை சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருப்பதில்லை. கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலைக்காரர் யாராவது வீட்டில் இருந்திருந்தால் "அதை வெளியே வை தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். சாவி மட்டும் கொடுத்துவிட்டுப் போன வீட்டில் அந்த வார்த்தையை சொல்ல ஆள் இல்லை.

ஏதாவது ஆகிவிட்டால் முதலில் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது யார்? மாச சம்பளத்துக்கு சாவி வைத்திருக்கும் அந்த கேர்டேக்கர் பையன்தான்.

யானைக்கு வைத்த தீ

நீலகிரியில் இந்த விவகாரம் சாதாரண லைசென்ஸ் பிரச்சினையாக இல்லாமல் போனதற்கு காரணம் யானை.

முதுமலையை ஒட்டிய மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பகுதிகள் சீகூர் பீடபூமியில் இருக்கின்றன. மேற்கு தொடர்ச்சி மலையில் இருந்து கிழக்கு பக்கம் காட்டுக்கு யானைகள் போய்வரும் பாதை இது. அதே பாதையில்தான் ரிசார்ட்டுகள் முளைத்தன. யானை வழித்தடத்தை அறிவித்து தமிழக அரசு 2010 ஆகஸ்ட் 31-ல் அரசாணை போட்டது. 2011 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. ரிசார்ட் உரிமையாளர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார்கள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2018 ஆகஸ்ட் 9-ந்தேதி ஒரு அதிரடி உத்தரவு வந்தது. அனுமதி இல்லாத விடுதிகளை 48 மணி நேரத்துக்குள் மூடவேண்டும். கலெக்டர் அறிக்கையில் இருந்தவை 39 ரிசார்ட்டுகள். அடுத்த சில நாட்களிலேயே 27 ரிசார்ட்டுகளுக்கு சீல் விழுந்தது. இறுதி தீர்ப்பு 2020 அக்டோபர் 14-ல் வந்தது. யானை வழித்தடம் செல்லும் என்றும், தனியாருடைய புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.வெங்கட்ராமன் தலைமையில் குழு என்றும் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான். 2021 ஜனவரி 19-ந்தேதி, காயத்தோடு மசினகுடி பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஆண் யானையை சிகிச்சைக்கு தெப்பக்காடு முகாமுக்கு லாரியில் கொண்டுபோகும் வழியிலேயே அது செத்துப்போனது. காது கிழிந்து ரத்தம் கொட்டியிருந்தது. தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் கதறி அழுத வீடியோவை பார்க்காதவர்கள் குறைவு. அதற்கு மூன்று நாள் கழித்து இன்னொரு வீடியோ வெளியே வந்தது. ஒரு விடுதி மாடியில் இருந்து எரியும் டயரை யானை மேல் வீசுகிறார்கள். அது காதில் மாட்டிக்கொண்டு எரிய, பிளிறிக்கொண்டே யானை ஓடுகிறது. இரண்டு பேர் கைது செய்யப்பட்டனர். அந்த இடம் அனுமதி இல்லாமல் நடந்த ஹோம் ஸ்டே என்று அதிகாரிகள் சொன்னார்கள். சீல் வைத்தார்கள்.

அந்த வீடியோ வந்த மறுநாள், ஜனவரி 23-ந்தேதி, மலைக்கு அந்தப் பக்கம் வயநாடு மேப்பாடியில் ஒரு ரிசார்ட்டின் டெண்டில் தங்கியிருந்த 26 வயது ஆசிரியை காட்டு யானை தாக்கி இறந்தார். விசாரித்தால் அந்த டெண்டுகளுக்கும் அனுமதி இல்லை. ஒரே வாரம். இங்கே மனிதன் யானையைக் கொன்றான். அங்கே யானை மனுஷியைக் கொன்றது. இரண்டு இடத்திலும் ஆட்களை தங்க வைக்கக்கூடாத இடத்தில் தங்க வைத்திருந்தார்கள்.

மசினகுடியில் ஆட்கள் அங்கேயே இருந்துதான் இந்தக் கொடுமை நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆள் குடியிருந்தால் மட்டும் போதாது. இடமும் தங்க வைப்பதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். அதை முன்கூட்டியே பார்த்து 'இங்கே கூடாது' என்று சொல்வதற்குத்தான் அனுமதி என்ற ஒன்று.

பிளான் வீட்டுக்கு, வருமானம் லாட்ஜுக்கு

சீல் வைக்கும்போது அதிகாரிகள் அடிக்கடி சொல்லும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. குடியிருப்பு என்று பிளான் அப்ரூவல் வாங்கி, கட்டி முடித்ததும் காட்டேஜ் ஆக்கிவிட்டார்கள் என்பது.

சமவெளியில் இதை ஒரு வரி ஏய்ப்பு என்று விட்டுவிடலாம். மலையில் முடியாது. மலைப்பகுதி கட்டிட விதிப்படி உயரம் 7 மீட்டரை தாண்டக்கூடாது. சரிவு, மண் பிடிப்பு, பக்கத்தில் காடு இருக்கிறதா, ஓடை இருக்கிறதா என்று பல துறைகள் பார்க்கவேண்டும். பஞ்சாயத்து கையெழுத்து மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2009 நவம்பரில் மூன்று நாள் கொட்டிய மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீட்டோடு மண்ணுக்குள் போனவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

மாடி விவகாரம் எங்கே வரைக்கும் போகும் என்பதற்கு கொடைக்கானல் ஓட்டல் வழக்கு ஒன்று போதும். இரண்டு மாடிக்கு அனுமதி, கட்டியது ஏழு. கூடுதல் மாடிகளுக்கு 1994-ல் அரசு கொடுத்த விலக்கு செல்லாது என்று 1995-ல் ஐகோர்ட்டு சொன்னது, சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. இதே விவகாரத்தில் நடந்த ஊழல் வழக்கில் 2000 பிப்ரவரி 2-ந்தேதி முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு தண்டனை என்றதும் கலவரம். தருமபுரியில் பஸ் எரிக்கப்பட்டு கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் 3 பேர் கருகினார்கள். 2001 டிசம்பரில் ஐகோர்ட்டு அவரை விடுதலை செய்துவிட்டது. மாணவிகள் போனது போனதுதான்.

மாத வாடகைக்காரர் பாடு

டூரிஸ்டு வருவதால் ஊருக்கு லாபம்தானே என்பார்கள். லாபம்தான், மறுக்கவில்லை. டாக்சி டிரைவர், வர்க்கி விற்கிறவர், குதிரைக்காரர், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் எல்லோருக்கும் சீசன்தான் சோறு. ஆனால் அவர்கள் எங்கே குடியிருப்பது?

ஒரு கணக்கு பாருங்கள். இரண்டு அறை வீடு, மாத வாடகை 8 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். அதையே சீசனில் நாளைக்கு 3 ஆயிரம் என்று விட்டால் மூணே நாளில் 9 ஆயிரம். மாசம் முழுக்க குடியிருப்பவர் கொடுப்பதைவிட அதிகம். குழாய் ரிப்பேர், சுண்ணாம்பு அடிக்கவில்லை என்ற சண்டையும் கிடையாது. எந்த வீட்டுக்காரர் வேண்டாம் என்பார்? மார்ச் மாதம் வந்ததும் "பையன் கல்யாணம், வீடு வேணும்" என்று காலி செய்யச் சொல்வார்கள். ஏப்ரலில் அதே வீட்டு வாசலில் வெளியூர் கார் நிற்கும். காலி செய்த குடும்பம் ஊருக்கு வெளியே போய் வீடு பார்க்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி வரும்.

தண்ணீரும் அப்படித்தான். ஊட்டி நகரத்துக்கு பார்சன்ஸ்வேலி அணைதான் பெரிய ஆதாரம். வீட்டு இணைப்பு ஒரு குடும்பத்துக்கு என்று கொடுத்தது. அதில் தினம் பத்துப் பேர் வெந்நீர் போட்டு குளித்தால் மேட்டுத் தெருவுக்கு தண்ணீர் ஏறாது. நாலு பேருக்கு என்று தோண்டிய செப்டிக் டேங்கும் தாங்காது. வழிந்தால் ஓடைக்கு, ஓடையில் இருந்து ஏரிக்கு.

சொத்து வரியில் வீட்டுக்கு ஒரு கட்டணம், வணிகத்துக்கு அதைவிட அதிகம். மின்சாரத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கூலி வேலை செய்கிறவருக்கு என்று கொடுத்த சலுகையில், ஆள் குடியிராமல் முழு வீட்டையும் நாள் வாடகைக்கு விடுகிறவர் ஹீட்டர் ஓட்டினால் அந்த பில்லை மற்ற எல்லோரும் சேர்ந்துதான் கட்டுகிறோம். முறையாக வரி கட்டி, லைசென்ஸ் எடுத்து லாட்ஜ் நடத்துகிறவர் வயிறெரிவதும் இதனால்தான்.

ஆப் வழியாக புக்கிங் என்றால் ஜி.எஸ்.டி. தப்பாது. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு வரம்புக்குள் வராத சின்ன ஆள் என்றால் அந்த வரியை ஆப் கம்பெனியே கட்டவேண்டும் என்பது சட்டம். ஆக டெல்லிக்கு கணக்கு போய்விடுகிறது. தெருவில் இருக்கிற நகராட்சிக்குத்தான் எந்த வீடு விடுதி என்று தெரிவதில்லை.

வெளியூரில் என்ன செய்கிறார்கள்?

இந்த தலைவலி ஊட்டிக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரில் கிடுக்கிப்பிடி போட்டது. 30 நாளுக்குள் வாடகைக்கு விடுவதானால் நகராட்சியில் பதிவு, வீட்டுக்காரர் கூடவே இருக்கவேண்டும், விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஜப்பானில் 2018-ல் வந்த சட்டப்படி வருடத்துக்கு 180 நாள்தான் விடலாம். ஸ்பெயினில் பார்சிலோனா நகர மேயர் இன்னும் ஒரு படி மேலே போய், டூரிஸ்ட் வீடுகளுக்கு கொடுத்த 10,101 லைசென்சுகளையும் 2028 நவம்பருக்கு மேல் புதுப்பிக்க மாட்டோம் என்று 2024-ல் அறிவித்தார். உள்ளூர்க்காரருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை என்பதுதான் அங்கேயும் புகார்.

நம் ஊரில் கோர்ட்டு வேறு வழியில் வந்தது. சீசனில் நீலகிரிக்கு தினமும் 11,500 கார், 6,500 டூவீலர், இது போக வேன், பஸ் என்று கிட்டத்தட்ட 20 ஆயிரம் வண்டிகள் ஏறுவதாக கணக்கு கொடுத்தார்கள். அதைக் கேட்டு அதிர்ந்த சென்னை ஐகோர்ட்டு 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம் என்றது. 2025 கோடையில் நீலகிரிக்கு சாதாரண நாளில் 6 ஆயிரம், சனி, ஞாயிறில் 8 ஆயிரம் வண்டி என்று வரம்பும் வைத்தது. இ-பாஸ் கொடுக்கும்போது எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டு வாங்கச் சொன்னது. இந்த 'எங்கே தங்குகிறீர்கள்' என்ற ஒரு பதிலை எடுத்து நகராட்சி, பஞ்சாயத்து லைசென்ஸ் பட்டியலோடு வைத்துப் பார்த்தாலே போதும், திருட்டு விடுதி எது என்று ஆபீசில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடலாம். சீசனுக்கு சீசன் ஜீப் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக போகவேண்டிய அவசியம் இல்லை.

ரூம் போடுமுன் கேளுங்க

குடும்பத்தோடு மலைக்கு போகிறவர்கள் பணம் அனுப்புமுன் லைசென்ஸ் அல்லது பதிவு எண் கேளுங்கள். "அதெல்லாம் இருக்கு சார்" என்று இழுத்தால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் அங்கேயே இருக்கிறாரா, ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். வேறு யாருடைய வீட்டு போட்டோவையோ போட்டு முழு பணத்தையும் முன்கூட்டியே கறந்துவிட்டு போனை அணைக்கும் கும்பலும் உண்டு. பில் தர மறுத்தால் உஷார். ஆதார் நகல் கேட்டால் கோபப்படாதீர்கள், பெயர் முகவரி எழுதிக்கொள்ளாத இடம்தான் சந்தேகத்துக்கு உரியது. கரி அடுப்பு எந்த காரணத்துக்காகவும் அறைக்குள் வேண்டாம்.

சொந்த வீட்டில் ரெண்டு ரூம் மிச்சமிருந்து, சீசன் வருமானத்தில் கடனை அடைக்க நினைக்கிற சின்ன வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. அவர்களுக்காகத்தான் ஹோம் ஸ்டே திட்டமே. மாவட்ட சுற்றுலா அலுவலகத்தில் பதிவு பற்றி விசாரிக்கலாம். கட்டிடம் இருக்கும் இடத்தைப் பொறுத்து நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சியில் தொழில் உரிமம் கேட்கவேண்டும். வனத்தை ஒட்டிய இடம் என்றால் காசு செலவழித்து ரூம் கட்டுவதற்கு முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதியவேண்டும், ஒரே ஒரு ராத்திரி என்றாலும். புரோக்கரிடம் "எல்லாம் நான் முடிச்சுத்தரேன்" என்று பணம் கொடுத்து ஏமாறாமல் நேரில் போங்கள். ஜனவரி, பிப்ரவரியிலேயே போய்விடுவது உத்தமம். ஏப்ரல், மே வந்துவிட்டால் அதிகாரிகள் மலர் கண்காட்சி வேலையில் ஓடிக்கொண்டிருப்பார்கள், சீட்டில் ஆளைப் பிடிக்க முடியாது.